வாசலோர இடம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

மல்லாங்கிணற்றில் உன் அம்மா வீட்டில் பாப்பா நன்றாகத் தூங்குகிறாளா? போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

முதுகு வலிக்கு நான்கு நாள் லீவு போட்டுப் படுத்தே கிடந்தேன். வலி கூடத்தான் செய்தது. விருதுநகர் டாக்டரம்மா, "இருபத்தஞ்சு வயசுதான ஆகுது? காலையில நிமிர எம்புட்டு நேரமாகும்?" என்றார். முக்கால் மணி நேரம் என்றேன். நடந்தால் வலி குறைகிறது என்றதும் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். முதுகெலும்பைப் பிடிக்கும் ஒருவகை மூட்டுவாதத்தின் ஆரம்பமாக இருக்கலாமாம். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை ஸ்கேன். ஆரம்பத்திலேயே பார்த்தால் கட்டுப்படுத்தலாம் என்கிறார். நீ பயப்படாதே.

நேற்று பட்டாசுக் கம்பெனியில் நாம் வேலை பார்க்கும் ரூமுக்கு வெளியே டமாரென்று சத்தம். எல்லாரும் ஓடினார்கள். வாசலோரம் உட்கார்ந்திருந்த என்னால் எழ முடியவில்லை. பின்னால் வேலை பார்த்துக்கொண்டிருந்த செல்வலட்சுமி அக்கா என்னைத் தாண்டிக் குதித்தாள். லோடு வண்டியின் டயர்தான் வெடித்திருக்கிறது.

"ஏலே, ஏன் எந்திரிக்கல?" என்று அக்கா கேட்டாள்.

"கால் மரத்துப்போச்சுக்கா" என்றேன்.

இன்று, யார் வழியையும் மறிக்காமல், உள்மூலைக்கு மாறிக்கொண்டேன். நீ வேலைக்குத் திரும்பியதும் என் பழைய இடத்தில் உட்கார். சத்தம் கேட்டால் ஓடு. என்னைத் திரும்பிப் பார்க்காதே.

பாப்பாவின் அப்பா