அணைக்க மறந்த மைக்

கர்த்தருக்குள் அருமையான என் மருமகள் சில்வண்டுக்கு,

உன் தாய்மாமன், மைக் செட் உரிமையாளன், நலமாக இருந்து எழுதிக்கொள்வது. உன் அம்மாவும் நலம். முழங்கால் வலி மட்டும் அவளைவிட நலமாக இருக்கிறது. போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நீ "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது மேஜைமேல் கிடந்து முறைத்துக்கொண்டே இருக்கும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எட்டாம் வகுப்பை நான் இரண்டு முறை படித்தவன். மற்றவர்கள் ஒரு முறைதான்.

தொழில் அமோகம். போன வாரம் என் ஒலிபெருக்கிப் பெட்டியின் குமிழைத் திருகியதில் இரண்டு தெரு தள்ளிப் படுத்த படுக்கையாய் இருந்த ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்து, "யாருடா கூப்பிட்டது?" என்று கேட்டாராம். நான் இல்லாவிட்டால் தன் பிரசங்கம் முதல் பெஞ்சைத் தாண்டாது என்று போதகரே சொல்கிறார். வாயால் சொல்லவில்லை. முகத்தால் சொன்னார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ உன் அம்மாவிடம் பேசியதை அவள் என்னிடம் சொன்னாள். அந்த நாட்டிலேயே நிரந்தரமாய்த் தங்கிவிடக் கையெழுத்துப் போடப்போகிறாய், இனி இந்த வீட்டுப் படி ஏறமாட்டாய் என்றாயாம். அதோடு விட்டாயா? "அப்பாகிட்ட பேசறதும் ஜெபம் பண்றதும் ஆஃப் பண்ண மைக்ல கத்துற மாதிரிதாம்மா. ரெண்டையும் விட்டுட்டேன்" என்றாயாமே! என் வீட்டுப் பெண்ணே மைக்கைப் பற்றி இப்படிப் பேசினால் நான் தொழில் செய்ய வேண்டாமா? அதற்குப் பதில் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் ஒன்று. மைக்கும் ஸ்பீக்கரும் நேருக்கு நேர் நின்றால் காது கிழிய ஊளையிடும். இரண்டில் எதுவும் கெட்டுப்போனதில்லை. ஒன்றின் சத்தம் மற்றதுக்குள் போய்ப் போய்ப் பெருகுகிறது, அவ்வளவுதான். நீ வேலைக்குக் கடல் தாண்டிப் போகிறேன் என்றாய், உன் அப்பா, அதாவது என் மச்சான், கூடாது என்றார். பெட்டியோடு வாசலில் நின்ற உன்னிடம், "போனவ போனவளாவே இரு" என்றார். நீயும் "இருக்கேன்" என்றாய். அன்றைக்கு வந்தது அந்த ஊளைதான். அதற்காக எந்த மடையனாவது மைக்கைத் தூக்கிக் குப்பையில் போடுவானா? கொஞ்சம் தள்ளி வைப்பான், கொஞ்சம் திருப்பி வைப்பான். கடலைத் தாண்டித் தள்ளி வைத்தாயிற்று. திருப்புவதுதான் பாக்கி.

இப்போது போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். ஆலயத்தில் கூட்டம் தாங்கவில்லை. தூண்கள்கூட ஒதுங்கி நின்றன என்றால் பார்த்துக்கொள். உன் அப்பாதான் சபை ஜெபம் ஏறெடுத்தார். அவர் ஜெபித்தால் தமிழே கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு வரும், உனக்குத் தெரியாததல்ல. முடித்துவிட்டு, சட்டையில் குத்திய காலர் மைக்கோடு பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதை அணைப்பது என் வேலை. ஏன் அணைக்கவில்லை என்று கேட்டவர்களிடம், ஆவியானவர் தடுத்தார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், வெளியே ஏணியில் நின்று வாசல் கேட்டுக்குமேல் உள்ள குழாய் ஸ்பீக்கரின் ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

போதகர் பிரசங்கத்தைத் தொடங்க வாயைத் திறக்கிறார். என் காதுக்குப் பக்கத்தில் குழாய் பேசுகிறது. மச்சான் குரல். ஆனால் கோட்டும் இல்லை, சூட்டும் இல்லை.

"ஆண்டவரே, சில்வண்டுக்குக் குளிர் வந்தா நெஞ்சு கட்டிக்கும். ஸ்வெட்டர் போடச் சொன்னா போடாது. அங்க யாரு சொல்லுவா? நீங்களே சொல்லிடுங்க. போன்ல அது குரல் கேட்டா எனக்குத் தொண்டை அடைச்சிக்குது. போனை அவ அம்மாகிட்ட குடுத்துடறேன். நான் கோவமா இருக்கேன்னு நெனச்சுக்கும். நெனச்சுட்டுப் போகட்டும்... இல்ல ஆண்டவரே, வேண்டாம். நெனக்க வேண்டாம். அன்னிக்கு வாசல்ல ஒண்ணு சொன்னேனே, அது மட்டும் அதுக்கு மறந்து போயிடணும்."

பிறகு மூக்கைச் சிந்தினார் பார், என் பெட்டி இடியை இவ்வளவு சுத்தமாகக் கொடுக்கும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. கடைசியில் மெதுவாக "ஆமென்" என்றார். உள்ளே சபை முழுதும் "ஆமென்" என்றது. எதிரே பஞ்சர் ஒட்டுகிறவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நின்றான். அவனும் ஏதோ சொன்னான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தூசி. உயரத்தில் தூசி அதிகம்.

மச்சானுக்கு ஒன்றும் தெரியாது. ஏன் தெரியாது என்பதையும் உன்னிடம் சொல்லியாக வேண்டும், அவரும் உன் அம்மாவும் சொல்லமாட்டார்கள். அவருக்கு ஒரு காது போய்விட்டது. மற்றதும் அதே வழியில் கிளம்பிவிட்டது, சீக்கிரம் அதுவும் போகும் என்கிறார் டாக்டர். காதில் வைக்கும் கருவியா, "அதெல்லாம் கிழவனுங்களுக்கு" என்கிறார். அதனால்தான் தன் குரல் தெரு முழுக்கக் கேட்டது அவருக்கு மட்டும் கேட்கவில்லை. சபையாரும் யாரும் சொல்லவில்லை. நம் சபையில் ஒரு இரகசியம் ஒரு வாரம் தாங்கியிருக்கிறது. இதைவிடப் பெரிய அற்புதத்தை நான் கண்டதில்லை.

ஆகவே மருமகளே, ஆஃப் ஆன மைக் என்று நீ சொன்னதற்கு என் பதில் இதுதான். ஆன் செய்து, தொண்டையைக் கனைத்து, அழகாகப் பேசியதெல்லாம் முதல் பெஞ்சு வரைதான் போயிற்று. அணைந்துவிட்டது என்று நினைத்துப் பேசியதுதான் எல்லாருக்கும் கேட்டது. மேலேயும் அப்படித்தான் கேட்கும் என்று நினைக்கிறேன். நீ ஜெபத்தை விட்டுவிட்டதாகச் சொல்லி உன் அம்மாவிடம் அழுதாயாம், அதுகூடப் போய்ச் சேர்ந்திருக்கும். மச்சான் வராத ஒரு ஞாயிறு பார்த்து இதை ஒரு பிரசங்கமாகச் செய்யச் சொல்லிப் போதகரிடம் கொடுத்திருக்கிறேன். என் பெயரை இரண்டு தடவைக்குமேல் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். அந்த நாடு எங்கும் ஓடிவிடாது. காது ஓடிவிடும். இனி ஞாயிறுதோறும் மத்தியானம் உன் அம்மாவை நான் வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவேன். போன் அடித்தால் எடுத்துக் கொடுக்க வீட்டில் வேறு ஆள் இருக்காது. அவருக்குத்தான் எடுக்க வேண்டி வரும். நீ நியாயம் பேச வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம், நான் எழுதியதையும் காட்டிக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் பலமாக ஒரு தடவை இருமு. மீதியை அவர் பேசுவார்.

உன் குரலையும் அவர் காதையும் கர்த்தர் அதுவரை காத்துக்கொள்வாராக.

என்றும் உன்
மாமன்