வாழைப்பழம் தின்ற காலை

செமோர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். அப்பாவின் முதுகுவலி குறைந்திருக்கிறதா? நான் நலம்.

பள்ளி விடுமுறைக்கு இந்தத் தேனீப் பண்ணை வேலை பிடித்திருக்கிறது. தேனடைச் சட்டங்களின் மெழுகு மூடியைச் சீவிச் சுழலும் எந்திரத்தில் வைத்தால், தேன் மழைபோலத் தெறிக்கிறது. நேற்றுதான் முதன்முறையாகத் தேன்பெட்டிகள் இருக்கும் ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். காலையில் வாழைப்பழம் சாப்பிட்டிருந்தேன். எதிரியைத் தாக்கச் சொல்லித் தேனீக்கள் ஒன்றையொன்று அழைக்கும் வாசனையும் வாழைப்பழ வாசனை போலவே இருக்குமாம். பெட்டியைத் திறந்ததும் என் முகவலை முழுக்க அப்பிக்கொண்டன.

"ஓடாத லா, அப்படியே நில்லு," என்று சொல்லியபடி மேற்பார்வையாளர் புஷ்பலதா அக்கா தேனீக்களை அடக்கப் புகை போட்டார். "பீசாங் தின்னுட்டா இங்க வருவாங்க? வாயெல்லாம் வாழைப்பழ வாசனை!"

மூன்று கொட்டுதான். உதடு வீங்கியதைப் பார்த்து அக்கா சிரித்தார். தொண்டையும் இறுகியதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இரவு முழுக்க எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்தேன்.

சிறுவயதில் குளவி கொட்டி என்னைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினீர்களே, டாக்டர் என்ன சொன்னார்? நாளை மறுபடியும் பெட்டிகளுக்குப் போகிறோம். இங்கே போனில் லைன் கிடைப்பதில்லை. நம் தெலுக் இந்தானுக்குத் தேனோடு இந்தக் கடிதத்தையும் கொண்டுவரும் அலெக்சாண்டர் அண்ணனிடமே பதில் கொடுத்துவிடுங்கள். இன்றிரவே இங்கே திரும்பிவிடுவார். லாரியைக் கிளப்பிவிட்டார்.

பயப்படாதீர்கள். போக வேண்டாம் என்றால் அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள் அம்மா. அக்காவிடம் காட்ட வேண்டும்.

உங்கள் மகள்
திவ்யாஷினி