பழவேற்காட்டுக்குப் போய்வந்த பச்சைப் பெட்டி

பாய்,

காலையில் மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கல்யாணச் சீருக்கு டிரங்குப் பெட்டி வாங்க வந்தது. கடையில் அடுக்கியிருந்த அத்தனை பெட்டிகளையும் விட்டுவிட்டு, பரண்மேல் இருந்த பச்சைப் பெட்டியைத்தான் பெண்ணின் தாய் கைகாட்டினாள். "யாரோ பேரு எழுதிக்கீது. அத்த அழிச்சிட்டுக் குடுங்க" என்றாள். வியாபாரப் புத்தி, நானும் இறக்கி வைத்துத் பெயிண்டை அழிக்கத் துணியை டர்பன்டைனில் நனைத்துவிட்டேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நீங்கள் நினைவில் வந்துவிட்டீர்கள். கடைக்குள் நுழையும்போதே துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வீர்களே. நாள் முழுக்கக் கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்காரும் மனிதருக்கு என் கடை நெடி ஆகாது! துணியைத் தூரப் போட்டேன். பெட்டி விற்பனைக்கு இல்லை என்றேன். அந்த அம்மாள் முறைத்துவிட்டுப் போனாள்.

"மேஸ்திரி, உம்மா ஹஜ்ஜுக்குப் போறாங்கோ. நானும் கூடப் போறேன். பம்பாய்லேர்ந்து கப்பலு. பெட்டி கெட்டியா இருக்கணும்" என்று நீங்கள் சொன்ன நாள் நினைவிருக்கிறது. பெற்ற தாயை உம்மா என்பீர்கள்; பச்சை நிறம் அவர் கேட்டது. மூடியில் 'கதீஜா பீவி, பழவேற்காடு' என்று நானே வெள்ளை எழுத்தில் எழுதினேன். சும்மா எழுதியதா அது? உம்மா தன் வளையலை விற்று முதல் பணம் போட்டு, அதன்மேல் நீங்கள் சந்தைக்குச் சந்தை சேர்த்த பயணம்.

அந்தப் பணத்தைப் போட பாங்கில் கணக்கைத் திறந்த அன்று நானும் கூட இருந்தேன். பொன்னேரிக் கடைத்தெருவில் என் கடைக்கு நாலு கடை தள்ளித்தான் அந்த பாங்க். "வட்டி மட்டும் வாணாம் சார். எங்க மார்க்கத்துல ஆவாது" என்றீர்கள். குமாஸ்தா நல்ல மனிதர்தான். வட்டி இல்லாத கணக்கென்றால் கரண்ட் அக்கவுண்ட்தான் என்று சொல்லி, அதையே திறந்து கொடுத்தார். வெளியே வந்ததும் உங்கள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "நான் அவங்களாண்ட வட்டி கேக்கல. அவங்க என்னாண்ட இன்னா கேக்கப் போறாங்கோ?" என்றீர்கள்.

உங்கள் ஊர் வழக்கம் அது. ரங்கூனுக்குப் போகிறவர் பக்கத்து வீட்டில் நகையைக் கொடுத்துவிட்டுப் போவார். அமானிதம் என்பீர்கள். வைத்திருப்பவர் அதைத் தொடமாட்டார், கொடுத்தவர் நடுவில் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டார். கேட்டால் அவமரியாதை. பாங்கையும் நீங்கள் அப்படித்தான் நடத்தினீர்கள். பணத்தைப் போட்டுவிட்டு சலாம் சொல்லிவிட்டு வருவீர்கள். எவ்வளவு இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. உம்மாதான் மனசிலேயே கூட்டிவைத்திருந்தார்.

கப்பல் சீட்டுக்குப் பணம் கட்டவேண்டிய வாரத்தில், மொத்தத்தையும் எடுக்கப் போனோம். உம்மா கூட்டிவைத்ததைவிடக் குறைவாகக் கொடுத்தார்கள். மேனேஜர் பொறுமையாகத்தான் சொன்னார். கணக்கில் குறைந்தபட்சம் இருக்கவேண்டிய தொகை இல்லாததால் ஆறு மாசத்துக்கு ஒரு முறை பிடித்தம். பட்டணத்து வியாபாரி கொடுத்த செக்குகளை மாற்றிக் கொடுத்ததற்கு ஒவ்வொன்றுக்கும் பிடித்தம். "ரூல்ஸ் எல்லாம் பாஸ் புஸ்தகத்துக்குப் பின்னாடி அச்சடிச்சிருக்கு. படிச்சுப் புரிஞ்சுக்கவேண்டியது கணக்கு வெச்சிருக்கறவர் பொறுப்பு" என்றார். இருந்தது, பாய். பொடி எழுத்தில், இங்கிலீஷில். நான் கத்தினேன். நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். கணக்கை முடித்துக்கொடுங்கள் என்றபோது, முடிப்பதற்கும் ஒரு பிடித்தம் உண்டு என்றார்கள். அதையும் கொடுத்துவிட்டு வந்தீர்கள்.

குறைந்தது பெரிய தொகை இல்லை. என் கடையில் நாலைந்து பெட்டி விற்றால் வருகிற பணம். நான் தருகிறேன் என்றேன். "கடன் வாங்கி ஹஜ்ஜுக்குப் போவக்கூடாது மேஸ்திரி" என்றீர்கள். "கடன்னு யாரு சொன்னா? சும்மா வெச்சுக்குங்க" என்றேன். மறுநாள் உம்மாவின் பதிலோடு வந்தீர்கள். "அவரு மனசு எனக்குப் போதும்னு சொல்லு. என் காசுல போனாத்தான் எனக்கு நிம்மதி." ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட உங்கள் ஊர்க்காரர்களை ரயிலேற்ற உம்மா பொன்னேரி ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். ஒவ்வொரு பெண்ணிடமும், எனக்காகவும் அங்கே துவா கேளுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். பெட்டி என் கடைப் பரணிலேயே இருந்தது.

எனக்கு உங்கள்மேல்தான் கோபம். பாங்கை ஒரு வார்த்தை திட்டவில்லையே நீங்கள்! "கையெழுத்து போட்டது நானு மேஸ்திரி. அவனா என் கையப் புட்சிகினு போட்டான்? கேக்காதது என் தப்பு" என்றீர்கள். இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வட்டி வேண்டாம் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லும்போது, இதில் பிடித்தம் உண்டு பெரியவரே என்று ஒரு வார்த்தை சொன்னால் பாங்க் மூழ்கியா போய்விடும்? கேட்பது வாடிக்கைக்காரர் பொறுப்பு என்றால், சொல்வது யார் பொறுப்பு? யாரும் ஏமாற்றவில்லை, யார்மேலும் வழக்குப் போட முடியாது. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

அடுத்த சந்தைக்கு வந்தீர்கள். "இனிமே உம்மா பெட்டியிலயே போடறேன். உங்க கடையிலயே இருக்கட்டும். இதுக்கு இன்னா ரூல்ஸு, சொல்லுங்கோ" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. கடை தீப்பிடித்தால் யார் பொறுப்பு, எனக்கு ஒன்று ஆகிவிட்டால் சாவி யாரிடம், பெட்டிக்கு வாடகை உண்டா என்று துருவித் துருவிக் கேட்டீர்கள். நட்புக்குள் இதெல்லாம் என்ன பேச்சு என்று எனக்குச் சுருக்கென்றது. கடைசியில், "நான் செத்துப் பூட்டா என் ஊட்டுக்காரி கையில குடுத்துடணும்" என்றீர்கள். சரி என்றேன்.

அந்த மார்கழிப் பனியில் உம்மாவுக்கு மார்ச்சளி வந்து, பொங்கலைக்கூடத் தாண்டவில்லை. நீங்கள் பணம் போடுவதை நிறுத்தவில்லை. உம்மா பார்க்காததை நானாவது பார்க்கிறேன் என்றீர்கள். சில வருஷம் கழித்து உங்களுக்கே இருமல் வந்தது. சந்தைக்கு வருவது குறைந்தது. போன மாதம் நீங்கள் போய்விட்ட சேதியை பஸ் கண்டக்டர்தான் கொண்டுவந்தார்.

போன வாரம் பெட்டியோடு பழவேற்காட்டுக்குப் போனேன். உங்கள் மச்சான் பூட்டைத் திறந்து பணத்தை எடுத்து உள்ளே கொடுத்தார். கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவில் இருக்கும் உங்கள் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். "மேஸ்திரி அண்ணே, இத்தினி வருசம் வெச்சுக்கினதுக்கு நீங்க எவ்வளவு புட்சிக்கினீங்கோ?"

குத்தலாகக் கேட்கவில்லை, பாய். மீன் விலை கேட்பதுபோலக் கேட்டார். பணத்தை வைத்திருப்பவர் பிடித்துக்கொள்வார் என்றுதான் அந்த வீடு கற்றுவைத்திருக்கிறது. "ஒண்ணும் புடிக்கல தங்கச்சி" என்றேன்.

"பரவால்ல அண்ணே, சொல்லுங்கோ. அவரு எதையும் கேக்காமத்தான் போட்டிருப்பாரு."

"இல்லம்மா. எல்லாம் கேட்டாரு. ஒண்ணு விடாம கேட்டாரு" என்றேன்.

அதைக் கேட்ட பிறகுதான் திரைக்குப் பின்னால் அழுகைச் சத்தம் வந்தது.

பெட்டியைப் பார்த்தால் தாங்காது, நீங்களே கொண்டுபோங்கள் என்றார்கள். காலிப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். கடையில் பரண்மேல் மறுபடி ஏற்றியிருக்கிறேன். உம்மாவின் பேரை அழிக்கவில்லை.