குப்பை டிரம்முக்கு விழுந்த கும்பிடு

அன்புள்ள அப்பாவுக்கு,

அருணா வணக்கத்துடன் எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நான் நலம்.

இந்தப் பௌர்ணமியில் ஜெயித்துவிட்டேன் அப்பா. அடி அண்ணாமலையில் அன்னதானப் பந்தலைச் சுற்றிச் சுத்தம் பார்ப்பது என் வேலை. ‘குப்பை போடாதீர்’ என்று எத்தனை பலகை வைத்தாலும், சாப்பிட்ட பாக்குமட்டைத் தட்டெல்லாம் புங்கமரத்தடியில்தான் விழும். ஒருவர் போட்ட இடத்தில்தான் அடுத்தவரும் போடுவார். அதனால் மரத்தடியைப் பெருக்கிவிட்டுப் புது டிரம் ஒன்று வைத்தேன். புதுப்பொருளாயிற்றே என்று சந்தனம், குங்குமம் இட்டேன். அதுதான் வினை. ஓர் அம்மாள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் வரிசையாகக் கும்பிட்டார்கள். ஒருவர் கற்பூரமே ஏற்றிவிட்டார்.

அவரிடம் ஓடிப்போய், "ஐயா, இது குப்பை டிரம்" என்றேன்.

"எல்லாரும் கும்புடறாங்களேனு நானும் கும்புட்டுட்டேம்மா" என்றார்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. பொட்டை அழித்துவிட்டு, அவர் கையிலிருந்த தட்டையே முதலில் போடச் சொன்னேன். போட்டார். பின்னால் வந்தவரும் போட்டார். பிறகு நான் வாயே திறக்கவில்லை. நான்கு முறை டிரம் நிரம்பியது. மரத்தடியில் ஒரு தட்டுகூட இல்லை. அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதை முழுவதும் என் பொறுப்பு என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

அதைப் பார்க்க வாருங்கள். நார்த்தங்காய் ஊறுகாயும் இரண்டு தட்டும் எடுத்து வாருங்கள். அறையில் ஒரு தட்டுதான் இருக்கிறது. குப்பை லாரி வந்துவிட்டது, முடிக்கிறேன். அவ்வளவு தூரமா என்று அம்மா சொல்வாள். நீங்கள் பஸ் ஏறுங்கள், பின்னாலேயே ஏறிவிடுவாள்.

உங்கள் மகள்,
அருணாதேவி