ஒப்பிட ஒரு பழைய படம்

பால் தீய்ந்த வாசனை இன்னும் சமையலறையில் நிற்கிறது. அடுப்பில் வைத்ததை மறந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். இது விழுந்ததால் வந்த மறதியா, என் பிறவி மறதியா என்று கேட்க உன் எண்ணை அழுத்தப் போனேன். பள்ளிச் சிநேகிதி நீ மறைந்து ஓராண்டாகியும் விரலுக்கு அது உறைக்கவில்லை.

சென்ற மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், பூசை முடிந்து இறங்கும்போது நனைந்த படியில் வழுக்கிப் பின்மண்டையில் அடி. தூக்க வந்தவர்களிடம் "நானே எழுந்துக்குவேன்" என்றேனாம். எனக்கு நினைவில்லை. மூளை அதிர்ச்சி என்று ஸ்கேன் எடுத்தார்கள்.

"ஆன்டி, சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி தெரியுது. விழுந்ததால வந்ததா, வயசால முன்னமே இருந்ததான்னு இப்ப சொல்ல முடியாது. பழைய ஸ்கேன் இருந்தா ஒப்பிட்டுப் பார்க்கலாம்," என்றார் டாக்டர்.

ஏது? ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவள் என்று பெருமையடித்தவள் நான்.

கிள்ளானில் என் வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகள் ஆரம்பித்தாள். "செமினியில எங்க வீட்டுக்கே வந்துடுங்க மம்மி. தனியா வேணாம்."

"என்னன்னு தெரியட்டும். பிறகு பேசலாம்."

"டாக்டருக்கே தெரியல லா!"

"நான் முன்னாடியும் மறதிக்காரிதான்," என்றேன்.

"நீங்களா? நீங்க எதையுமே மறந்தது இல்லையே. அதான் எனக்குப் பயமா இருக்கு."

உனக்குச் சிரிப்பு வரும். கான்வென்ட்டில் பதில் தடுமாறினால் பெஞ்சின் மேல் நிற்க வேண்டும். பக்கத்தில் இருந்து நீ முணுமுணுத்துக் காப்பாற்றுவாய். பிறகு வாழ்நாள் முழுக்க அதே ஏற்பாடுதான். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ரவிக்கைத் துணி வாங்கிவிட்டு, காரை எங்கே விட்டேன் என்று தெரியாமல் வெயிலில் அலைந்தோமே, அப்போது நமக்கு நாற்பதுகூட ஆகவில்லை. "காரையே தொலைச்சிட்டியா டி? உன் மண்டைக்குள்ள இங்கிலீஷ் கிராமர் மட்டும்தான் லா பத்திரமா இருக்கு!" என்று நடுத்தெருவில் கத்தினாய். வீடு வரும்வரை உன்னோடு நான் பேசவில்லை. ஆனால் வாசலில் நின்ற என் கணவரிடம், "ரோட்டுல ஒரே ஜாம்," என்று முந்திக்கொண்டு சொன்னவள் நீதான். அவர் கண்மூடும்வரை அதை நம்பினார்.

சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால்தான் ஏதாவது சொல்ல முடியுமாம். அதுவரை காத்திருக்க மகளுக்கு மனமில்லை. சனிக்கிழமை பெட்டி கட்ட வருகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் அறிந்ததெல்லாம் நான் காட்டிய முகம்தான். மற்றதை அறிந்தவள் நீ ஒருத்தி. உன் கேலிக் குரல் ஒரு சொல்கூடப் பிசகாமல் என்னிடம் இருக்கிறது. அதை எந்த டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன்?