நான்காம் எண் கன்றின் மாத்திரை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். ஒரு வருடம் பேசாமல் இருந்துவிட்டுப் போன மாதம் “ஆய்வுக்குக் கன்றுகளின் சாணம் அனுப்பு” என்று எழுதினாயே, எந்தத் தம்பியாவது இப்படிச் சமாதானத்துக்கு வருவானா? சிரித்து வயிறு வலித்தது.

ஆறு கன்றுகளுக்கும் கழிச்சல். பத்து நாள் சாணத்தையும் எண் போட்டு ஜாம் பாட்டில்களில் அனுப்பியிருக்கிறேன். நீ சொன்ன மாத்திரையைக் காலையும் மாலையும் கொடுத்து அட்டவணையில் குறித்திருக்கிறேன். இரண்டு கன்றுகள் இன்னும் எழவில்லை. எப்படியாவது காப்பாற்றிக் கொடு. போன வருடம் செவலைக் கன்று செத்தபோது, “உன் அலட்சியம்தான் கொன்னுச்சு”ன்னு எல்லார் முன்னாலயும் சொன்னாய். இன்னொரு தடவை அதைக் கேட்க என்னால் முடியாது.

உன் அக்கா

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

பாட்டில்கள் வந்தன. ஆய்வகத்தில் எனக்கு ‘ஜாம்காரர்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஆறுக்கும் ஒரே வைரஸ். அது குடலின் உள்தோலைச் சிதைக்கிறது. அதோடு செரிமானத்துக்கு உதவும் நல்ல பாக்டீரியா குறைந்து, கெட்டவை பெருகிவிடுகின்றன. ஐந்து கன்றுகளுக்குப் பத்தாம் நாளிலும் அதே நிலை. நான்காம் எண்ணுக்கு மட்டும் ஏழாம் நாளே நல்லவை திரும்பிவிட்டன. மண்டையைப் பிய்த்துக்கொள்கிறேன். அதற்கு மட்டும் என்ன செய்தாய்? திட்ட மாட்டேன், சத்தியம்.

தம்பி

மார்ச் 13

தம்பி,

திட்ட மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய், இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பேன்.

நான்காம் எண் ஒரு மாத்திரையைக்கூட விழுங்கவில்லை. வாயில் வைத்தால் என் மூஞ்சியிலேயே துப்பும். மூன்றாம் நாள், “போடி, உன் இஷ்டம்”னு விட்டுவிட்டேன். மற்றவற்றைப் போலவே பாலை நிறுத்தாமல், நடுநடுவே உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் மட்டும் கொடுத்தேன். மறுபடி அலட்சியம் என்பாயோ என்று பயந்து, ‘கொடுத்தாச்சு’ என்று குறித்தேன். பொய்தான். மன்னித்துவிடு.

போன வருடம் செவலைக்கு, நீ சொன்ன இதே மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்தேன்டா.

அக்கா

மார்ச் 16

என் அக்காவுக்கு,

கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அந்த மாத்திரை பாக்டீரியாவைக் கொல்வது, வைரஸை ஒன்றும் செய்யாது. மிஞ்சியிருந்த நல்ல பாக்டீரியாவையும் அது அழித்திருக்கலாம். ஒரு கன்றை வைத்து முடிவு கட்ட முடியாது, இனிமேல்தான் முறையாகச் சோதிக்க வேண்டும். ஆனால் இந்தக் கேள்வியே உன் பொய்யால்தான் கிடைத்தது. கோடி நன்றி அக்கா.

கால்நடை மருத்துவரிடம் பேசிவிட்டேன். நாளை வந்து பார்ப்பார். காய்ச்சல் இல்லையென்றால் மாத்திரையை நிறுத்தச் சொல்வார். பாலும் அந்தத் தண்ணீரும் நிற்கக் கூடாது.

எதையும் பார்க்காமல் அந்த மாத்திரையைச் சொன்னவன் நான். அலட்சியம் என்னுடையது. எல்லார் முன்னாலும் உன்னைச் சொன்னேன், எல்லார் முன்னாலும் வந்து இதைச் சொல்லவா?

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

இரண்டும் எழுந்துவிட்டன! ஒன்று காலையில் வாளியையே உதைத்துக் கவிழ்த்தது. திட்டக்கூட மனசு வரவில்லை, கும்பிடத்தான் தோன்றியது. நீ நல்லா இருப்பே.

எல்லார் முன்னாலும் எதுவும் சொல்ல வேண்டாம். ‘அலட்சியம் என்னுடையது’ என்று நீ எழுதிய கடிதத்தை நானே கொட்டகையில் எல்லாரும் கேட்கச் சத்தமாகப் படித்துவிட்டேன். பால் கறக்கிற அண்ணன் கண்ணைத் துடைத்தார். நான்காம் எண் அந்தக் கடிதத்தையே கடித்துத் தின்னப் பார்த்தது.

இனிமேல் சாணம் பார்சலில் வராது. வேண்டுமென்றால் நீயே வந்து அள்ளிக்கொள். பாட்டில்களைக் கழுவி வைத்திருக்கிறேன்.

அக்கா