மாடிக்குப் போன மன்னிப்பு

என்னங்க,

சாப்பாடு மேசை மேல மூடியிருக்கு. நான் இன்னும் உங்ககூடப் பேசல. இது எழுத்து, பேச்சுல சேராது.

ஞாயித்துக்கிழமை டிவியோட இணைச்சிருக்கிற ஹால் கம்ப்யூட்டர்ல, நீங்க பேசிப் பதிவு பண்ண வீடியோவை எனக்காக ஓடவிட்டுட்டு வெளிய போயிட்டீங்க. டிவில உங்க வாய் அசைஞ்சுது, கை ஆடுச்சு, சத்தம் மட்டும் வரல. சண்டையோட மிச்சத்தைப் படம் பிடிச்சு வேற வெச்சிருக்கீங்கன்னு நினைச்சு, எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

இன்னிக்கு மாடி வீட்டுத் தையல்காரர் வந்தார். "உன் சமையலைக் கேலி பண்ணது தப்பு, மன்னிச்சிடுன்னு உங்க வீட்டுக்காரர் என் ஸ்பீக்கர்ல உருகிட்டாரும்மா. மன்னிச்சுட்டேன்னு சொல்லிடுங்க. ஆனா என் சமையலை அவர் எப்போ சாப்பிட்டார்?"ங்கறார்.

நம்ம கம்ப்யூட்டர் அவரோட ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பிடிச்சுக்கிட்டிருக்கு. சவுண்ட் செட்டிங்ல அதை எடுத்துட்டு டிவியை வைங்க. சரியாச்சான்னு பாக்க ஆறு மணிக்கு அவரே ஸ்பீக்கரும் கையுமா வர்றார். காபி போட்டுக் குடுங்க. சமையலைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதீங்க.

(இடமில்ல, ஓரத்துல எழுதறேன்.) அந்த வீடியோவை எனக்குப் போட்டுக் காட்ட வேணாம். ஏழு மணிக்கு வந்துடுவேன், நேர்லயே சொல்லுங்க. அவர் கேட்டுட்டு அழுதுட்டாராம். நானும் அழணும்ல?